சொந்த உபயோகத்துக்குத் தேவை

வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றிய பெருமக்களுக்குத் திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு வெண்கலச் சிலை வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சிலைக்கு உரிய இடத்தில் யாராவது ஒருவர் தேங்காய்க் கடை போட்டு வாடகைக்கு இருப்பார். அவரைக் காலி செய்ய முடியாது. அவரைக் காப்பது அதே சட்டம். தன்னைப் படைத்தவர்களுக்கே இடம் கொடுக்காத நடுநிலை வேறு எந்தச் சட்டத்துக்கு உண்டு?

இந்தச் சட்டத்தை வீட்டுக்காரர்கள் திட்டுவார்கள், குடித்தனக்காரர்கள் கும்பிடுவார்கள். இரு தரப்பும் பாதி தெரிந்தவர்கள். நான் முழுதும் தெரிந்தவன். ஏனென்றால் நான் ஒரே சமயத்தில் வீட்டுக்காரனாகவும் குடித்தனக்காரனாகவும் இருந்தேன். எனக்குச் சொந்தமான வீட்டுக்குள் என்னால் நுழைய முடியவில்லை. எனக்குச் சொந்தமில்லாத வீட்டிலிருந்து என்னை யாராலும் வெளியேற்ற முடியவில்லை. இந்த இரட்டைப் பேற்றை எனக்கு அருளியது ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம், ஏன், ஒரே வக்கீல்.

முதலில் நான் குடித்தனக்காரன் ஆன வரலாறு. மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் கணக்கு எழுதும் சகாதேவனாகிய நான், ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் ராஜம்மாள் டீச்சரின் வீட்டில் வாடகைக்குப் போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லித்தருபவர். போளூருக்கு மாற்றலாகிப் போனபோது, "நான் திரும்பி வந்ததும் விட்டுடணும் தம்பி" என்றார். "இதென்ன டீச்சர், சொல்லணுமா?" என்றேன். அவர் திரும்பி வந்தார். வந்த பிறகுதான், சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பது அவருக்கு விளங்கியது. தாமரைக்குளம் பக்கம் வேறு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தபடி என்னைச் சபித்துக்கொண்டிருந்தார். அது யாருடைய வீடு என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பரிதாபம் வரும். பரிதாபம் வந்தால் காலி செய்ய நேரும்.

இனி, நான் வீட்டுக்காரன் ஆன வரலாறு. எழுபத்து மூன்றில் எங்கள் ஊருக்கு 'முதலீடு' என்ற சொல் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் வீட்டுப் புரோக்கர் இருசப்பன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவர் எனக்கு உபதேசம் செய்தார்.

"பேங்க்ல போட்டா பணம் தூங்கும் சார். வீட்டுல போட்டா வளரும்."

"வீட்டுல ஏற்கெனவே ஆளு குடியிருக்குதுன்னு சொல்றியே?"

"அவங்களும் வளருவாங்க. அதனாலதான் விலை கம்மி."

என் மனைவி உண்ணாமலையின் இரட்டை வடச் சங்கிலியும் நாலு வளையலும் இவ்வாறு தேரடிக்குப் பின்சந்தில் ஒரு வீடாக உருமாறின. மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். கிரயம் முடிந்த அன்று உண்ணாமலை தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"தீபத்தன்னிக்குக் கூட்டத்துல இடிபட வேணாம். நம்ம மாடியிலேருந்தே பார்த்துக்கலாம். இல்லீங்க?"

"அடுத்த தீபத்துக்கு" என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டின் உள்ளே இருந்தவர் ஜானி பாஷா. தகரப் பெட்டி செய்து விற்பவர். நான் வாங்கும்போது அவர் குடும்பத்தில் நாலு பேர். இருசப்பன் சொன்னது பொய்க்கவில்லை. ஆறு வருஷத்தில் ஒன்பது பேர் ஆனார்கள். என் முதலீடு வளர்ந்தது, ஆனால் எல்லாம் அவர் பக்கமாகவே வளர்ந்தது. ஒவ்வொரு தீபத்தன்றும் உண்ணாமலை கூட்டத்தில் இடிபட்டாள்.

எழுபத்தொன்பதில் ராஜம்மாள் டீச்சர் என் மேல் வழக்குப் போட்டார். காரணம், 'சொந்த உபயோகத்துக்குத் தேவை.' வெகுண்டு எழுந்த நான், அதே காரணத்தைச் சொல்லி ஜானி பாஷா மேல் வழக்குப் போட்டேன். இரண்டுக்கும் வக்கீல் கோதண்டராமன்தான். காலையில் குடித்தனக்காரர்களின் கண்ணீரைத் துடைப்பார், மாலையில் வீட்டுக்காரர்களின் கண்ணீரைத் துடைப்பார். துண்டு ஒன்றுதான்.

"சகாதேவன், உங்க கேஸ் ரொம்ப நுட்பமான கேஸ்" என்றார். "பாயைக் கிளப்பணும்னா உங்களுக்கு இருக்க இடம் இல்லாம போகணும்."

"இருக்குதே சார்."

"அதான் சங்கடம். டீச்சர் கேஸ்ல நாம ஜெயிச்சிட்டோம்னு வையுங்க. 'ஒனக்குத்தான் இருக்க வீடு இருக்குதே, அப்புறம் பாயை ஏன்யா கிளப்புறே?'ன்னு கேப்பாங்க."

"அப்ப டீச்சர்கிட்ட தோத்துடலாமா?"

"தோத்தா நீங்க தெருவுக்கு வந்துடுவீங்க. பாய் அப்பீல் போவாரு. அது முடியிற வரைக்கும் தெருவுலயே குடித்தனம் பண்ணணும்."

"வேற வழியே இல்லையா?"

அவர் கண்ணை மூடிச் சட்டத்தைத் தியானித்தார்.

"தோத்துக்கினே இருக்கணும். தோத்து முடிச்சிடக் கூடாது."

வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு பொருத்தமான அறிவுரையை எவரும் தந்ததில்லை.

இரண்டு வழக்கிலும் நான் சாட்சி சொல்லும் நாள் ஒன்றாக அமைந்தது. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர் எங்கள் ஊர் முன்சீப். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்பதும், இறக்கிவிட்டு எழுதுவதும் அவர் வழக்கம். காலையில் நான் குடித்தனக்காரனாகக் கூண்டில் ஏறினேன்.

"வேற வீடு பார்த்துக்கினு போறதுக்கு என்ன?" என்று டீச்சரின் வக்கீல் கேட்டார்.

"எங்கே போறது ஐயா?" என்று தழுதழுத்தேன். "இந்த ஊர்ல ஒரு குச்சு வீடு கூடக் கிடைக்காது. அடி அண்ணாமலை வரைக்கும் தேடிட்டேன். புள்ளைகுட்டிக்காரன் மழையில நிக்கவா?"

எனக்கே கண் கலங்கியது. நீதிமன்றம் உணவுக்குக் கலைந்தது. திரும்பக் கூடியபோது நான் வீட்டுக்காரனாகக் கூண்டில் ஏறினேன்.

"ஒன்பது பேரை வெச்சிக்கினு பாய் எங்கே போவாரு?" என்று பாயின் வக்கீல் கேட்டார்.

"ஏன், இந்த ஊர்ல வீட்டுக்கா பஞ்சம்?" என்று சிரித்தேன். "தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்குது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்குறாங்க."

முன்சீப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நான் சாப்பிடப் போன நேரத்துல ஊரே காலியாயிடுச்சா?"

கோதண்டராமன் எழுந்து, "கட்சிக்காரர் இரண்டு வெவ்வேறு நிலைகளில் பேசுகிறார்" என்று விளக்கினார். முன்சீப் மறுக்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். எந்த இடத்தில் ஒரு நிலை முடிந்து அடுத்த நிலை தொடங்குகிறது என்று தேடினார் போலும்.

நான் இறங்கினேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

"ஜானி பாஷா! ராஜம்மாள்!"

எனக்கு முதலில் புரியவில்லை. என் குடித்தனக்காரர் என் வீட்டுக்காரம்மா மேல் என்ன வழக்குப் போட முடியும்? பாயின் வக்கீல் மனுவை எடுத்துரைத்தார். தாமரைக்குளம் பக்கத்து வீடு ஜானி பாஷாவுக்கு அவர் தகப்பனார் விட்டுப்போனது. வியாபாரத்துக்காக வாணியம்பாடி போனபோது அதை டீச்சருக்கு வாடகைக்கு விட்டார். திரும்பி வந்தார். டீச்சர் காலி செய்யவில்லை. சொந்த உபயோகத்துக்குத் தேவை.

முன்சீப் எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்.

"நீர் இருக்கிறது இந்த அம்மா வீட்டுல. இந்த அம்மா இருக்கிறது பாய் வீட்டுல. பாய் இருக்கிறது உம்ம வீட்டுல. சரியா?"

மூவரும் தலையாட்டினோம்.

"ஒரு நாள் பாருங்க. ஒரே நேரத்துல ஆளுக்கு ஒரு மாட்டு வண்டி கட்டுங்க. அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க போங்க. இதுக்கு எதுக்கு நான்?"

மூன்று வக்கீல்களின் முகங்களும் ஒரே வீட்டில் மூன்று சாவு விழுந்தது போல் ஆயின.

வெளியே மரத்தடியில் இருசப்பன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று வீட்டு வாடகையும் பல வருஷம் அவர் கை வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

"யோவ், ஒனக்கு இது முன்னாடியே தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும் சார்."

"ஏன்யா சொல்லலே?"

"வீடு காட்டுன்னீங்க, காட்டினேன். யார் வீட்டுல யார் கீறாங்கன்னு யாரும் கேக்கலியே. கேட்டிருந்தா அதுக்கும் ஒரு கமிஷன் போட்டுச் சொல்லியிருப்பேன்."

உண்ணாமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். பிறகு பரணில் கிடந்த பித்தளைப் பால் செம்பை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நாள் பார்த்தோம். ஆடி முடிய வேண்டும் என்றாள் உண்ணாமலை. நோன்பு முடிய வேண்டும் என்றார் பாய். அந்த வருஷம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்தன. டீச்சர் தனக்குச் சந்திராஷ்டமம் இல்லாத நாளாகக் கேட்டார். ஆவணியில் ஒரு நல்ல நாள் அமைந்தது. மூன்று வண்டிகளும் தேரடியில் கூட வேண்டும், இருசப்பன் விரிக்கும் துண்டில் மூன்று சாவிகளும் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கூடினோம். முதல் வண்டியில் டீச்சரின் தையல் மிஷின். இரண்டாவதில் பாயின் பெட்டிகளும் பிள்ளைகளும். மூன்றாவதில் எங்கள் பாத்திரங்களுக்கு நடுவே, மடியில் பால் செம்போடு உண்ணாமலை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றார் இருசப்பன்.

எந்தச் சாவியும் விழவில்லை.

"இன்னா சார் இது, வெளையாட்டா கீது? டீச்சர், நீங்க பெரியவங்க, போடுங்க."

"பெரியவங்கன்னா ஏமாளின்னு அர்த்தமா? பாய் போடட்டும்."

"சாரு போட்டதும் போடறேன் டீச்சர்."

"நான் போட மாட்டேன்னா சொன்னேன்? ஒண்ணா போடலாம்னுதானே சொன்னேன்?"

நாலாவது தடவை எண்ணியபோது மூன்றும் விழுந்தன. மூன்று மதத் தலைவர்கள் கைகுலுக்கியது போல ஓர் அமைதி. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் என் கையைப் பிடித்து, "இத்தனை வருஷம் நம்ம மனஸ்தாபம் எல்லாம் வேஸ்ட் சார்" என்றார். "ஆமாம் பாய்" என்றேன். அவரவர் சாவியோடு அவரவர் வீட்டுக்குக் கிளம்பினோம்.

என் வீட்டுக் கதவை நானே திறந்தேன். உண்ணாமலை வலது காலை எடுத்து வைத்தாள். வைத்த கால் அப்படியே நின்றது.

கூடத்தின் நடுவில், ஒரு தகரப் பெட்டியின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூஜாவும் டிபன் கேரியரும். பாயின் மனைவி மெஹ்ருன்னிசாவின் தம்பி பக்ருதீன்.

"வாங்க வாங்க" என்று என் வீட்டுக்குள் என்னை வரவேற்றார். "உக்காருங்க."

"பாய் காலி பண்ணிட்டுச் சாவி கொடுத்துட்டாரே!"

"கொடுத்திருப்பாரு. அவரு காலி பண்ணிட்டாரு. நான் பண்ணலே."

"நீ எப்பய்யா குடி வந்தே?"

"நேத்து."

"எப்ப போவே?"

"மச்சான் தன் வீட்டுல காலு வெச்சிட்டாருன்னு சேதி வந்த நிமிஷம் எழுந்துடுவேன். அதுவரைக்கும் 'அனுபோகம்' விடக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு."

நான் கொதித்தேன். நம்பிக்கை, நாணயம், அண்டை அயலார் உறவு ஆகிய தலைப்புகளில் அந்தக் கூடத்தில் நின்று நான் ஆற்றிய உரையை யாராவது எழுதி வைத்திருந்தால் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைக்கலாம். பக்ருதீன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். உரையின் உச்சத்தில் உண்ணாமலை குறுக்கிட்டாள்.

"ஏங்க, எங்க அப்பாதுரை எங்கே? வண்டி ஏத்தும்போது இருந்தானே?"

அப்பாதுரை விஷயம் முற்றிலும் வேறு. அதை இதோடு ஒப்பிடக் கூடாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து சாமான் தூக்க வந்த என் மைத்துனனை நான் டீச்சர் வீட்டுப் பின்கட்டு அறையில் ஒரு மூட்டை மணிலாக்கொட்டையோடு உட்கார வைத்து வாசற்கதவை வெளியே பூட்டிவிட்டு வந்தேன் என்பது உண்மை. நாங்கள் பால் காய்ச்சிய செய்தி வரும் வரை எழுந்திருக்காதே என்று சொன்னதும் உண்மை. ஆனால் பாய் செய்தது மோசடி. நான் செய்தது 'முன்னெச்சரிக்கை'.

இதை நான் உண்ணாமலைக்கு விளக்கி முடிப்பதற்குள் இருசப்பன் சைக்கிளில் வந்து விழுந்தார்.

"சார், டீச்சர் அவங்க வீட்டத் தொறந்தாங்க. உள்ள உங்க மச்சான் கொட்டை உரிச்சிக்கினு கீறாரு. டீச்சர் தெருவையே கூட்டிட்டாங்க."

"அந்தம்மா கத்தட்டும். பாய்?"

"பாய் அவரு வீட்டத் தொறந்தாரு. உள்ள டீச்சரோட தம்பி காசி. கோரைப்பாய விரிச்சிக்கினு படுத்துட்டாரு. அக்கா வீட்டுக்குள்ள போயிட்டாங்கன்னு சேதி வந்தாதான் எழுந்துப்பாராம்."

நான் சற்று நேரம் சட்டத்தின் பேரழகில் மெய்ம்மறந்து நின்றேன். மூன்று வீடு, மூன்று சாவி, மூன்று அக்காமாரின் மூன்று தம்பிகள். எல்லாரும் வெளியேறிவிட்டோம். ஒருவரும் வெளியேறவில்லை.

உண்ணாமலை செம்பைக் கீழே வைக்கவில்லை.

"அப்பாதுரை என் தம்பிங்க. 'எழுந்து வாடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. வந்துடுவான். அவன் வந்தா டீச்சர் உள்ளே போவாங்க. டீச்சர் போனா காசி எழுந்துப்பான். காசி எழுந்தா பாய் போவாரு. பாய் போனா இவரு எழுந்துப்பாரு. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்."

"அக்கா சொல்றது சரி சார்" என்றார் பக்ருதீன். "எனக்கும் முதுகு வலிக்குது."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது உண்ணாமல. முதல்ல எழுந்துக்கிறவன் தோத்தவன்."

"தோத்தா இன்னாங்க? வீடு வந்துடும்ல?"

இதுதான் சட்டம் படிக்காதவர்களின் குறை. அவர்களுக்கு வீடுதான் தெரியும், வழக்கு தெரியாது. டீச்சர் வீட்டை விட்டு அப்பாதுரை எழுந்து, பிறகு காசி எழுந்திருக்காவிட்டால்? அல்லது எல்லாரும் எழுந்து, என் வீடு என் கைக்கு வந்தே விட்டது என்றே வைத்துக்கொள்வோம். டீச்சர் வீட்டை நான் பழைய வாடகையிலேயே வைத்திருந்து, தீபத்துக்கு வெளியூர்க்காரர்களுக்கு அறை அறையாக விடலாம் என்று மனதுக்குள் போட்டிருந்த திட்டம் என்ன ஆவது? இதை நான் அவளிடம் சொல்லவில்லை. வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"போயிட்டு வர்றதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிடுங்க" என்றாள்.

கோதண்டராமன் என்னைக் கட்டித் தழுவாத குறை.

"பிரமாதம்! யார் சொன்னாலும் அப்பாதுரை எழுந்துக்கக் கூடாது. இப்ப நம்ம கைதான் ஓங்கியிருக்குது."

"மூணு பேர் கையும் ஓங்கியிருக்குதே சார்."

"அதனாலதான் இறக்கக் கூடாதுன்றேன்."

நான் திரும்பி வந்தபோது என் வீட்டுக் கூடத்தில் புகை. பக்ருதீன் உட்கார்ந்திருந்த பெட்டிக்கு எதிரே மூன்று செங்கல்லை வைத்து, உண்ணாமலை பால் காய்ச்சியிருந்தாள். பால் பொங்கி வழிந்த தடம் தரையில் இருந்தது. முதல் தம்ளரைப் பக்ருதீன் கையில் கொடுத்திருந்தாள்.

"குடிங்க தம்பி. காலையிலேருந்து உக்காந்திருக்கீங்க."

பால் காய்ச்சியது வழக்குக்குச் சாதகமா பாதகமா என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. "சாட்சி யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டேன். உண்ணாமலை தம்ளரைக் கழுவினாள். செங்கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினாள். கூடத்தை ஒருமுறை துடைப்பத்தால் பெருக்கினாள். பிறகு வெளியே போய் வண்டியில் ஏறி, பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று வண்டிகளும் வந்த வழியே திரும்பின. தம்பிகள் மூவரும் அவரவர் ஆட்களுக்குக் கதவு திறந்தார்கள்.

"ஜெயிச்சிட்டோமா மாமா?" என்றான் அப்பாதுரை, தொலிகளுக்கு நடுவிலிருந்து.

"தோக்கலே" என்றேன்.

அடுத்த வாய்தாவில் முன்சீப் மூன்று மனுக்களையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்தார். "சொந்த வீட்டுக்குப் போக வழி இருந்தும் அடுத்தவர் வீட்டை விட மனமில்லாத இவர்களுக்குச் 'சொந்த உபயோகம்' என்று எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை" என்று எழுதினார். மூவரும் அப்பீல் போயிருக்கிறோம். எண்பத்தைந்து பிறந்துவிட்டது. டீச்சருக்குக் கண் மங்கிவிட்டது, வாய்தாவுக்கு மட்டும் தவறாமல் வருகிறார். பாயின் குடும்பத்தில் இப்போது பன்னிரண்டு பேர். நானும் கோதண்டராமனும் சட்டத்தை மேலும் மேலும் ஆழ்ந்து கற்று வருகிறோம்.

உண்ணாமலை வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. மெஹ்ருன்னிசா கூப்பிட்டால் மட்டும், ஒரு பலகாரப் பொட்டலத்தோடு தேரடிப் பின்சந்துக்குப் போகிறாள். தன் வீட்டுக் கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு வருகிறாள்.

ஆகவே, இந்தச் சட்டத்தை யாரும் குறை சொன்னால் நான் பொறுக்க மாட்டேன். வீட்டுக்காரரிடமிருந்து குடித்தனக்காரரைக் காப்பாற்ற அதில் பிரிவு இருக்கிறது. குடித்தனக்காரரிடமிருந்து வீட்டுக்காரரைக் காப்பாற்றவும் பிரிவு இருக்கிறது. என்னிடமிருந்து உண்ணாமலையைக் காப்பாற்றத்தான் ஒரு பிரிவும் இல்லை.